விஷெக்ராட் போறவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

புடாபெஸ்ட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நாள் விஷெக்ராட் கூட்டிட்டுப் போறது என் வழக்கமாயிடுச்சு, கூட வர முடியாதப்ப வாட்ஸப்லயே வழி சொல்லி அனுப்புவேன். கேள்விங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன். கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். டிக்கெட் விலை, நேரம் எல்லாம் வருஷா வருஷம் மாறுது, அதனால அதை மட்டும் கெளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க.

அக்கா, விஷெக்ராட்னா என்ன ஊரு? எங்க இருக்கு?

புடாபெஸ்ட்டுக்கு வடக்கே சுமாரா 40 கிலோமீட்டர், டான்யூப் ஆத்தோட வலது கரைல இருக்குற ரொம்பச் சின்ன டவுன். மெயின் ரோடு ஒண்ணு, ஒரு சர்ச், கொஞ்சம் ஹோட்டல், அவ்வளவுதான். ஆனா 1323ல ராஜா முதலாம் கார்ல் தன் அரசவையைத் தெமெஷ்வார்லேர்ந்து (இப்ப ருமேனியால இருக்குற ஊர்) இங்க கொண்டு வந்தாரு, அதுக்கப்புறம் பல வருஷம் ஹங்கேரியோட தலைநகரமே இதுதான்.

கிழக்குப் பக்கமா ஓடி வர்ற டான்யூப் மலைக்கு நடுவுல புகுந்து வளைஞ்சு தெக்குப் பக்கம் திரும்புறது இந்த ஏரியாலதான். அந்த வளைவுக்கு மேல மலை உச்சில கோட்டை. கீழ ஆத்துல வர்ற எந்தப் படகும் மேல இருக்குறவன் கண்ணுல படாம போக முடியாது, கோட்டைய ஏன் இங்க கட்டினாங்கன்றதுக்கு வேற வெளக்கமே வேண்டாம்.

பேரை எப்படிச் சொல்றது? போஸ்னியாலயும் இதே பேர்ல ஒரு ஊர் இருக்கே, மேப்ல அதுதான் வருது?

ஹங்கேரியன் மொழில தனியா வர்ற எஸ் எழுத்துக்கு "ஷ்" சத்தம், அதனால விஷெக்ராட். பேரு ஸ்லாவிய வார்த்தைலேர்ந்து வந்தது, உயரத்துல இருக்குற கோட்டைன்னு அர்த்தம். அதனாலதான் போஸ்னியால ட்ரினா ஆத்துப் பாலம் இருக்குற ஊருக்கும் கிட்டத்தட்ட இதே பேர், ப்ராக் நகரத்துல வைஷெஹ்ராட்ன்னு ஒரு கோட்டை இருக்கு அதுவும் இந்த வார்த்தைதான். மேப்ல தேடுறப்ப ஹங்கேரின்னு சேத்துப் போடுங்க.

புடாபெஸ்ட்லேர்ந்து போக பஸ் நல்லதா, ட்ரெயின் நல்லதா?

ரெண்டும் நல்லதுதான், ஆனா ரெண்டும் வேற வேற கரைல கொண்டு போய் விடும், இதைத்தான் எல்லாரும் கவனிக்காம விட்டுடுறாங்க. பஸ்ல போறதுன்னா எம்3 மெட்ரோல உய்பெஷ்ட்-வாரோஷ்கபு ஸ்டாப்ல எறங்கி, அங்கேர்ந்து எஸ்தெர்கோம் போற 880ஆம் நம்பர் பஸ் பிடிங்க. செந்தெந்த்ரெ வழியா ஆத்தங்கரையோரமாவே வந்து நேரா விஷெக்ராட்லயே எறக்கி விடும், ஒண்ணேகால் மணி நேரம் மாதிரி ஆகும்.

ட்ரெயின் புடாபெஸ்ட் ந்யுகதி ஸ்டேஷன்லேர்ந்து சோப்ன்ற ஊர்ப் பக்கம் போறது. எறங்க வேண்டிய ஸ்டேஷன் பேரு நாத்யமரோஷ்-விஷெக்ராட். பேர்ல விஷெக்ராட் இருந்தாலும் ஸ்டேஷன் இருக்கறது எதிர்க் கரைல, நாத்யமரோஷ் ஊர்ல. எறங்கி அஞ்சு நிமிஷம் ஆத்துப் பக்கம் நடந்தா படகுத்துறை, கார் ஏத்துற ஃபெரி, ஏறினா இந்தக் கரை. வெறும் நாத்யமரோஷ்னு இன்னொரு ஸ்டாப்பும் இருக்கு, அங்க எறங்கிட்டா நல்லா நடக்கணும்.

எனக்குப் பிடிச்சது ட்ரெயின்ல போய் பஸ்ல வர்றது. இந்த ரயில் பாதையோட ஆரம்பப் பகுதி, பெஷ்ட்லேர்ந்து வாட்ஸ் வரைக்கும், 1846ல திறந்த ஹங்கேரியோட முதல் ரயில் பாதை. வாட்ஸ் தாண்டினதும் இடது பக்க ஜன்னல்ல உக்காந்துக்கோங்க, ஆறு பக்கத்துலயே வரும், அப்புறம் திடீர்னு எதிர் மலை மேல கோட்டை தெரியும். ஃபெரி நடு ஆத்துக்கு வந்ததும் மலை, கோட்டை, கீழ டவர் எல்லாம் ஒரே பார்வைல நிக்கும், அந்தக் காட்சி பஸ்ல வர்றவங்களுக்குக் கெடைக்காது.

பாலம் இல்லையா? ஏன் ஃபெரி?

இல்ல. புடாபெஸ்ட் ஓரத்துல 2008ல திறந்த மெக்யெரி பாலத்துக்கு அப்புறம் ஆத்தை முழுசா கடக்குற அடுத்த பாலம் எஸ்தெர்கோம்லதான், அதுவும் ஸ்லோவாகியாக்குள்ள போய் எறங்கும். நடுவுல எல்லாமே ஃபெரிதான். சுமாரா மணிக்கு ஒண்ணு, கடக்க பத்து நிமிஷம் கூட ஆகாது. பனி மூட்டம், வெள்ளம், ஆத்துல ஐஸ்னா நிறுத்திடுவாங்க. 2013 ஜூன்லயும் 2024 செப்டம்பர்லயும் டான்யூப்ல பெரிய வெள்ளம் வந்துச்சு, அந்த மாதிரி சமயத்துல இந்தப் பக்கம் வர்ற நெனப்பையே விட்டுடுங்க.

புடாபெஸ்ட்லேர்ந்தே கப்பல்ல போலாம்னு சொன்னாங்களே?

போலாம், கோடைல மட்டும். விகாதோ சதுக்கத்துத் துறைலேர்ந்து கெளம்பும். சாதா கப்பல் நீரோட்டத்தை எதிர்த்துப் போறதால போறதுக்கே மூணு மணி நேரத்துக்கு மேல ஆயிடும், திரும்பி வர்றது கொஞ்சம் சீக்கிரம். தண்ணிக்கு மேல தூக்கிட்டுப் பறக்குற மாதிரி போற ஹைட்ரோஃபாயில்னா ஒரு மணி நேரம் மாதிரி. கப்பல்லயே போய்ட்டு கப்பல்லயே வந்தா ஊர்ல இருக்க நேரமே மிஞ்சாது, அதனால ஒரு வழி மட்டும் வெச்சுக்கோங்க.

ஒரு டிக்கெட் எடுத்தா எல்லாம் பாத்துடலாமா? மொத்தம் எத்தனை கோட்டை?

பாக்க வேண்டியது மூணு எடம். மலை உச்சில ஃபெல்லெக்வார், வார்த்தைக்கு வார்த்தை பாத்தா மேகக் கோட்டை. பாதி மலைல, ஆத்துக்கிட்ட, சாலமன் டவர் இருக்குற கீழ்க்கோட்டை. ஊருக்குள்ள மலையடிவாரத்துல ராஜா அரண்மனை. மேல் கோட்டைய பார்த்துக்குறது பிலிஷ் வனத்துறை நிறுவனம், அரண்மனையும் டவரும் மத்தியாஷ் ராஜா மியூசியத்துக்குக் கீழ வருது, அதனால டிக்கெட்டும் வேற வேற. மியூசியத்துக்குத் திங்கக்கிழமை லீவு, டவர் குளிர்காலத்துல மூடியிருக்கும். மலை மேல போய்ட்டு கீழ வந்து "அரண்மனை இன்னிக்கு லீவா"ன்னு எனக்கு ஃபோன் பண்ணினவங்க நாலு பேராவது இருப்பாங்க, திங்கக்கிழமை மட்டும் போகாதீங்க.

மேல ஏற முடியுமா? அம்மாவுக்கு முட்டி வலி, அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்.

ஆத்து மட்டத்துலேர்ந்து உச்சி 200 மீட்டருக்கு மேல. ஊருக்குள்ளேர்ந்து கால்வாரின்னு ஒரு காட்டுப் பாதை போகுது, வழில ஏசு சிலுவை சுமந்த காட்சிங்க வரிசையா வெச்சிருக்காங்க. செங்குத்தா இருக்கும், கல்லும் வேரும் ஜாஸ்தி, மழை பெஞ்சிருந்தா வழுக்கும். நிதானமா ஏறினா முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம். முட்டி வலி இருந்தா இது வேண்டவே வேண்டாம்.

அம்மாவை வண்டில கூட்டிட்டுப் போங்க, மேல வரைக்கும் பனோரமா ரோடு இருக்கு, பார்க்கிங்கும் இருக்கு. கார் இல்லன்னா ஊருக்குள்ள டாக்ஸி மாதிரி ஓடுற மினி வேன் இருக்கு, நாலஞ்சு பேரா சேந்தா கட்டுப்படியாகும். ஆனா பார்க்கிங்லேர்ந்து கோட்டைக்குள்ளயும் ஏத்தம், படி எல்லாம் உண்டு. முடியலன்னா அம்மாவுக்கு அரண்மனை போதும், அது அடிவாரத்துல இருக்கு, நிழல்ல உக்கார எடமும் இருக்கு.

அரை நாள் போதுமா? செந்தெந்த்ரெ, எஸ்தெர்கோம் எல்லாம் ஒரே நாள்ல முடிக்கணும்.

டூர் பஸ்காரங்க முடிக்கறாங்க, மேல அரை மணி நேரம் நிறுத்தி ஃபோட்டோ எடுக்க விட்டுட்டு கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்படிப் போனவங்கதான் "விஷெக்ராட்ல ஒரு வ்யூ பாயின்ட் இருக்கு"ன்னு சொல்றாங்க, எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். மூணு எடத்தையும் ஒழுங்கா பாக்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வேணும். இன்னொண்ணு சேக்கணும்னா செந்தெந்த்ரெ மட்டும் சேத்துக்கோங்க, மேல சொன்ன அதே 880 பஸ் வழில நிக்கும். எஸ்தெர்கோமோட பெரிய பசிலிக்காவுக்கு தனி நாள் வெச்சுக்கோங்க.

கீழ இருக்குற அரண்மனைல பாதி சுவர்தான் இருக்கு, அதை விட்டுடலாம்னு ஃப்ரெண்டு சொன்னான். உண்மையா?

தயவுசெஞ்சு விடாதீங்க. நான் இந்தப் பக்கத்தை எழுத உக்காந்ததுக்கு பெரிய காரணமே இந்தக் கேள்விதான். 1480கள்ல மத்தியாஷ் ராஜா இதைப் புதுப்பிச்சுக் கட்டினப்ப, ஆல்ப்ஸுக்கு இந்தப் பக்கம் இத்தாலிய மறுமலர்ச்சிக் கலை வந்து எறங்கின முதல் எடங்கள்ல இது ஒண்ணு. அவரோட ராணி பெயாட்ரிஸ் நேப்பிள்ஸ்காரங்க, 1476ல கல்யாணம் ஆகி வந்தவங்க. 1483ல இங்க வந்த போப்போட தூதர் இதைப் பூலோக சொர்க்கம்னு எழுதினாரு. 1536ல மிக்லோஷ் ஓலாஹ்னு ஒரு பாதிரியார், பின்னால எஸ்தெர்கோம் ஆர்ச்பிஷப் ஆனவரு, இங்க 350 ரூம் இருக்குன்னு எழுதி வெச்சாரு.

அப்புறம் போர்ல அழிஞ்சு, 18ஆம் நூற்றாண்டுல குடியேறின ஜனங்க வீடு கட்ட கல்லை எடுத்துட்டுப் போய், மலைலேர்ந்து சரிஞ்ச மண்ணு மிச்சத்தை மூடிடுச்சு. எந்த அளவுக்குன்னா, அந்த 350 ரூமும் வெறும் கட்டுக்கதைன்னு படிச்சவங்களே நெனைக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1934 டிசம்பர்ல யானோஷ் ஷூலெக்ன்ற ஆர்க்கிடெக்ட் தோண்டிக் கண்டுபிடிச்சாரு, வீடும் தோட்டமுமா இருந்த எடத்துக்கு அடியில அரண்மனை. இப்ப நிக்கற மாடிப் பகுதி மறுபடி கட்டி முடிச்சது 2000ல. அதனால புதுச் சுவரும் பழைய சுவரும் கலந்துதான் இருக்கும், கல்லோட நெறத்தைப் பாத்தாலே வித்தியாசம் தெரியும்.

முற்றத்துல ஹெர்குலிஸ் நீரூற்றைப் பாருங்க, குழந்தை ஹெர்குலிஸ் பல தலைப் பாம்போட சண்டை போடுற மாதிரி. மேல இன்னொரு முற்றத்துல சிங்கங்க தாங்குற நீரூற்று. இப்ப நிக்கறது ரெண்டும் மறுவடிவம், உடைஞ்சு கெடைச்ச ஒரிஜினல் துண்டுங்களை வெச்சு செஞ்சது. சிவப்பு மார்பிள்னு எல்லாரும் சொல்ற கல்லு நெசத்துல கெரெச்செ மலைலேர்ந்து வெட்டின சிவப்பு சுண்ணாம்புக்கல். மியூசியத்துல இருக்குற துண்டுங்க கிட்டப் போய் உத்துப் பாருங்க, அங்கங்க வெளிறின சுருள் சுருளா ஏதாவது கண்ணுல படும், நத்தையை நடுவுல அறுத்த மாதிரி. அதுங்க கடல்ல வாழ்ந்த அம்மொனைட், டைனோசர் காலத்து உயிர். செதுக்கினவன் உளி பட்ட கோடும் அந்தச் சுருளும் ஒரே உள்ளங்கை அளவு எடத்துல இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் அங்க நின்னுடுவேன், கூட வந்தவங்க இழுத்துட்டுப் போவாங்க.

சாலமன் டவர்னா பைபிள்ல வர்ற சாலமனா?

இல்ல. 11ஆம் நூற்றாண்டுல ஹங்கேரிய ஆண்ட ஷாலமோன்னு ஒரு ராஜா, பதவி போனப்புறம் அவரை லாஸ்லோ ராஜா விஷெக்ராட்ல அடைச்சு வெச்சாரு. ஆனா அவர் இருந்தது இந்த டவர்ல இல்ல, பக்கத்து ஷிப்ரிக் குன்று மேல இருந்த பழைய கோட்டைல. அது முதல்ல ரோமானியர் கட்டின கோட்டை, அந்தக் காலத்துல டான்யூப்தான் அவங்க எல்லைக் கோடு.

இந்த அறுகோண டவர் கட்டினது 13ஆம் நூற்றாண்டுல, ஷாலமோன் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம். 1241லயும் 1242லயும் மங்கோலியர் படை வந்து நாட்டையே சூறையாடினதுக்கு அப்புறம்தான் நாலாம் பேலா ராஜா கல்லுக் கோட்டை கட்டணும்னு எறங்கினாரு. மேல் கோட்டைக்கு ராணி மரியா தன் நகையை வித்துப் பணம் குடுத்தாங்கன்னு சொல்வாங்க.

ட்ராகுலாவை இந்த டவர்லதான் அடைச்சு வெச்சிருந்தாங்களாமே?

கொஞ்சம் நெசம், கொஞ்சம் கதை. ட்ராகுலான்னு சொல்றது வாலாக்கியா நாட்டு (இப்ப ருமேனியால ஒரு பகுதி) இளவரசர் விளாட். 1462ல மத்தியாஷ் ராஜா இவரைப் பிடிச்சு உள்ள வெச்சாரு, 1475 வாக்குல விட்டாரு. விஷெக்ராட்ல இருந்தாருன்னு பழைய குறிப்பு இருக்கு. ஆனா இந்த டவர்ல, இந்த ரூம்லன்னு சொல்ல எந்த ஆதாரமும் கெடையாது. ராஜ குடும்பத்து ஆள், அதனால பாதாளச் சிறைல சங்கிலி போட்டுக் கட்டி வெச்ச மாதிரி கற்பனை பண்ணிக்காதீங்க, வெளில வந்ததும் மத்தியாஷோட சொந்தத்துலயே கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு.

கிரீடத்தை ஒரு பொம்பள திருடிட்டுப் போனாங்கன்னு கைடு சொன்னாரு, இங்கிலீஷ் சரியா புரியல, என்ன கதை அது?

கதை இல்ல, நடந்தது, அதுவும் திருடினவங்களே சொல்லி எழுதி வெச்சது. ஹங்கேரியோட புனிதக் கிரீடம் மேல் கோட்டைலதான் பூட்டி வெச்சிருந்தாங்க. அந்தக் கிரீடத்தை வெச்சு முடி சூட்டலன்னா ராஜான்னு ஒத்துக்க மாட்டாங்க. 1439ல ராஜா ஆல்பெர்ட் செத்துட்டாரு, ராணி எலிசபெத் அப்ப மாசமா இருந்தாங்க. பிரபுக்கள் போலந்து ராஜாவைக் கூப்பிடப் பாத்தாங்க. ராணி தன் பணிப்பெண் ஹெலெனெ கொட்டான்னெரை அனுப்பினாங்க, 1440 பிப்ரவரில, ராத்திரில, கூட உதவிக்கு ஆள். அரம் வெச்சுப் பூட்டை அறுத்தாங்க, வேற பூட்டு மாட்டி சீல் வெச்சாங்க, அரத்தைக் கழிப்பறைக்குள்ள போட்டாங்க. கிரீடத்தை சிவப்பு வெல்வெட் தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சு ஸ்லெட்ஜ்ல ஏத்திக்கிட்டு, உறைஞ்சு கெடந்த டான்யூப் மேலயே ஓட்டிட்டுப் போனாங்க. கொமாரோம் போய்ச் சேந்த அந்த ராத்திரியே ராணிக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. மே மாசம் அந்தக் கைக்குழந்தைக்கு அந்தக் கிரீடத்தையே சூட்டினாங்க.

அப்புறம் கிரீடம் ஃப்ரெட்ரிக் சக்கரவர்த்தி கைக்குப் போய், 1463ல மத்தியாஷ் 80,000 தங்கக் காசு குடுத்து மீட்டாரு. இப்ப புடாபெஸ்ட் பார்லிமென்ட்ல இருக்கு, அங்க டூர் போனா பாக்கலாம். பார்லிமென்ட்டை முதல்ல பாத்துட்டு அப்புறம் இங்க வாங்க, கோட்டை ஜன்னல்லேர்ந்து ஆத்தைப் பாக்குறப்ப வேற மாதிரி இருக்கும்.

கோட்டைய இடிச்சது துருக்கிக்காரங்கதானே?

எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. 1544ல ஆட்டோமான் படை பிடிச்சது உண்மை, 1595ல மீட்டு 1605ல திரும்பப் பறிகொடுத்து, 1680கள்லதான் துருக்கிப் படை ஒரேயடியா போச்சு, இந்தச் சண்டைலதான் அரண்மனை நாசமாச்சு. ஆனா மேல் கோட்டைய வெடி வெச்சுத் தகர்த்தது 1702ல, வியன்னாலேர்ந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து சக்கரவர்த்தி லியோபோல்ட் உத்தரவுல, கலகக்காரங்க பிடிச்சு உக்காந்துக்கக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் 1871 வாக்குல யோசெஃப் விக்டோரின்னு ஊர்ப் பாதிரியார்தான் இடிபாட்டைக் காப்பாத்தணும்னு வேலையை ஆரம்பிச்சு வெச்சாரு.

நியூஸ்ல வர்ற "விஷெக்ராட் நாலு நாடு" இந்த ஊர்தானா?

ஆமா, ஹங்கேரி, போலந்து, செக், ஸ்லோவாகியா நாலும் சேந்த கூட்டணிக்கு இந்த ஊர் பேர்தான். 1335ல ஹங்கேரி, போஹேமியா (இப்ப செக் நாட்டுப் பகுதி), போலந்து மூணு ராஜாவும் இங்க கூடினாங்க, வியன்னாவை சுத்திப் போற புது வியாபாரப் பாதைக்கு வழி போட்டாங்க, போலந்து சிம்மாசனம் மேல இருந்த உரிமையைப் போஹேமியா ராஜா பணம் வாங்கிட்டு விட்டுக்குடுத்தாரு. விருந்துக்கு போஹேமியா ராஜா பரிவாரத்துக்கு மட்டும் தெனம் 2,500 ரொட்டின்னு பழைய சரித்திரத்துல எழுதியிருக்கு. அதை நெனைவுல வெச்சுதான் 1991 பிப்ரவரி 15 அன்னிக்கு ஹங்கேரியோட அன்டால், செக்கோஸ்லோவாகியாவோட ஹாவெல், போலந்தோட வவென்சா மூணு தலைவர்களும் இங்க கூடினாங்க. அப்ப நாடு மூணுதான், 1993ல செக்கோஸ்லோவாகியா ரெண்டா பிரிஞ்சதும் நாலாச்சு.

நாங்க சுத்த சைவம், அங்க என்ன சாப்பிடறது?

பட்டினி இருக்க மாட்டீங்க, ஆனா கேட்டு வாங்கணும். லாங்கோஷ் இருக்கு, எண்ணெய்ல பொரிச்ச பெரிய மாவு ரொட்டி, மேல பூண்டுத் தண்ணி, புளிச்ச க்ரீம், சீஸ். ரான்தொத் ஷாய்த்னு பொரிச்ச சீஸ் எல்லா ஹோட்டல்லயும் கெடைக்கும். கோடைல செர்ரி போட்ட ஜில்லுன்னு ஒரு சூப், மெத்யலெவெஷ், தவற விடாதீங்க. தூரோஷ் சுஸ்ஸான்னு பனீர் மாதிரி ஒண்ணு போட்ட நூடுல்ஸ் வரும், அது மேல பன்றிக் கொழுப்பு வறுத்துத் தூவுவாங்க, அதைக் கண்டிப்பா கேட்டுக்கோங்க. காய்கறி சூப்புலயும் எலும்புச் சாறு இருக்கலாம். "ஹூஷ் நேல்குல்"னா கறி இல்லாம.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்? யூரோ எடுப்பாங்களா?

ஏப்ரல் கடைசிலேர்ந்து ஜூன் வரை, இல்லன்னா செப்டம்பர், அக்டோபர். அக்டோபர்ல மலை முழுக்க இலை நெறம் மாறியிருக்கும். ஜூலைல அரண்மனை விளையாட்டுன்னு குதிரைச் சண்டை, வில் வித்தை எல்லாம் நடக்கும், பசங்களுக்குக் கொண்டாட்டம், ஆனா கூட்டம் தாங்காது. பணம் ஃபோரின்ட்தான், கார்டு பல எடத்துல ஓடும், ஃபெரிக்கு கொஞ்சம் ரொக்கம் கைல வெச்சுக்கோங்க. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா வேணும்.

இங்க பெரிய அணை கட்ட ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்கன்னு படிச்சேன், அது எங்க? இப்ப ஏதாவது தெரியுமா?

எதிர்க் கரைல, நாத்யமரோஷ் பக்கம். 1977ல ஹங்கேரியும் செக்கோஸ்லோவாகியாவும் ஒப்பந்தம் போட்டு, ஆத்துல மேல ஸ்லோவாகியாப் பக்கம் கப்சிகோவோ, கீழ இங்கன்னு ரெண்டு அணை கட்டறதா முடிவு பண்ணினாங்க. யானோஷ் வார்கான்ற உயிரியல் விஞ்ஞானி 1984ல டான்யூப் வட்டம்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாரு, கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சில வாயைத் திறக்கவே பயந்த காலம் அது. 1988ல ஆயிரக்கணக்கான ஜனங்க புடாபெஸ்ட் தெருவுல எறங்கினாங்க, வெறும் ஆத்துக்காக மட்டும் இல்ல, வேற எதுக்கும் கூட முடியாதவங்க இதுக்குக் கூடினாங்க. 1989 மேல அரசாங்கமே வேலையை நிறுத்திடுச்சு. ஹேக் சர்வதேச கோர்ட் 1997ல ரெண்டு பக்கமும் தப்புன்னு தீர்ப்பு சொல்லிச்சு.

இங்க ஆத்துக்குள்ள போட்டிருந்த தடுப்புக் கரையைப் பின்னால எடுத்துட்டாங்க, மேலேர்ந்து பாத்தா ஆறு எந்தத் தடையும் இல்லாம வளைஞ்சு போகும். ஆரம்பத்துல சொன்ன அந்த வளைவு இன்னிக்கும் அப்படியே இருக்கறது அவங்களாலதான். கோட்டைக்குள்ள ராஜாக்களைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க, இவங்க பேரையும் புள்ளைங்களுக்குச் சொல்லுங்க.

கடைசி ஃபெரி போயிடுச்சுன்னா என்ன பண்றது?

பயப்பட ஒண்ணுமில்ல, நீங்க விஷெக்ராட் பக்கம் நின்னா பஸ் இருக்கு. படகுத்துறை வாசல்லயே ஸ்டாப், போர்டுல "நாத்யமரோஷி ரேவ்"னு போட்டிருக்கும், ரேவ்னா படகுத்துறை. ஆனா சாயங்காலத்துக்கு மேல பஸ்ஸும் கொறைஞ்சுடும், அதனால காலைல எறங்குனதுமே போர்டை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நான் ஒரு அக்டோபர்ல மேலேர்ந்து எறங்க லேட்டாகி படகை விட்டுட்டேன், அது நடு ஆத்துல போறது தெரிஞ்சுது. பஸ்ஸுக்கு இன்னும் அம்பது நிமிஷம். எதிர்க் கரைல ட்ரெயின் வந்து நின்னுச்சு, ஜன்னல் வெளிச்சம் வரிசையா தண்ணில விழுந்து நீள நீளமா ஆடிச்சு, அப்புறம் ட்ரெயின் கெளம்பினதும் தண்ணி திரும்ப இருட்டாயிடுச்சு. ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஆத்தங்கரைல ராத்திரி நல்லா குளிரும்.